அந்தக் காலத்துப் படியாலேயே அளந்து பார்ப்போம்

கேள்வி, 2024 ஜூலை 6

பிரிட்டிஷ் ஆட்சியை இன்றைய அறத்தை வைத்து எடைபோடுவது நியாயமா? மனித உரிமை, சமத்துவம் என்ற சொற்களே பழக்கத்தில் இல்லாத காலம் அது. எல்லா அரசர்களும் படையெடுத்தார்கள், எல்லா அரசர்களும் வரி பிடுங்கினார்கள். சோழன் கடாரம் போனதைக் கொண்டாடிவிட்டு, கிளைவ் ஆற்காட்டுக்கு வந்ததை மட்டும் திட்டலாமா? ரயில், அணை, நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. அந்தக் காலத்து மனிதர்களை அந்தக் காலத்து அளவுகோலால் அளப்பதுதான் முறை என்பது என் கருத்து.

2024 ஜூலை 6, இரவு

எனக்குச் சம்மதம். அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட எனக்கு வேண்டாம்.

நான் சேலம் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் பஞ்சம் என்றால் அது 1876–78இன் தாது வருஷப் பஞ்சம்தான். என் அப்பத்தா பிறந்தது அந்தப் பஞ்சம் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து. ஆனாலும் தட்டில் சோறு மீந்தால் தாது வருஷத்தைச் சொல்லித்தான் எங்களைத் திட்டுவாள். கண்ணால் காணாத ஒன்றை ஒரு கிழவி அப்படி அஞ்சியதை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. அவள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19 லட்சத்துக்கு மேல். 1881இல் சுமார் 16 லட்சம். பத்து ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டிய ஊர் குறைந்து கிடக்கிறது.

1877 ஜனவரி 1 அன்று வைசிராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்ச நிவாரணத்தை ஆராய சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவர் போட்ட திட்டம்தான் ‘டெம்பிள் கூலி’. நாள் முழுவதும் கல்லுடைக்கும், மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு.

அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1874இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் இதே டெம்பிள். பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து, கேட்டவருக்கெல்லாம் வேலையும் உணவும் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவரைப் பாராட்டவில்லை. பணத்தை வாரி இறைத்தார் என்று மேலிடமும் லண்டன் பத்திரிகைகளும் கடிந்துகொண்டன. அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ளத்தான் அவர் சென்னையில் கையை இறுக்கினார் என்பது என் வாசிப்பு.

ஒரே மனிதர், ஒரே அரசு, மூன்றே ஆண்டு இடைவெளி. இதில் எங்கே இருக்கிறது அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள வித்தியாசம்? பஞ்சத்தில் ஆட்களைச் சாகவிடாமல் காப்பது எப்படி என்று 1874இலேயே செய்து காட்டியாகிவிட்டது.

2024 ஜூலை 7

நேற்று எழுதியதை இன்று படித்தால், வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே குரலில் பேசியது போல் தெரிகிறது. அது சரியல்ல. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்தக் கூலியில் உடலுழைப்பாளி பிழைக்க முடியாது என்று எழுத்திலேயே சண்டை போட்டார். சில வாரங்களிலேயே சென்னை அரசு அளவைக் கொஞ்சம் உயர்த்தி, பருப்பும் சேர்க்க வேண்டிவந்தது. அதற்கு முன்பே சென்னை அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றபோது, தனியார் வணிகத்தில் தலையிடாதே என்று கல்கத்தாவில் இருந்த வைசிராய் அரசு தடுத்தது. பம்பாய் மாகாணத்தில் கூலிக் குறைப்பை ஏற்காமல் பஞ்ச வேலைத் தளங்களை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பட்டினியில் கிடந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது!

இந்தத் திருத்தம் என் பக்கத்துக்கு வலுவைத்தான் சேர்க்கிறது. ஓர் ஆட்சிக்குள்ளேயே அதன் மருத்துவர் தவறு என்கிறார், அதன் ஆளுநர் தயங்குகிறார், அதன் குடிகள் கருவியைக் கீழே போடுகிறார்கள் என்றால், அந்தத் தவறு தவறென்று அன்றே தெரிந்திருக்கிறது. அவர்களே அமைத்த பஞ்ச ஆணையம், பஞ்சத்தில் உயிர் காப்பது அரசின் கடமை என்று 1880இல் சொன்னது. அதற்குள் பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள்.

2024 ஜூலை 9

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: “1870கள் சரி, கம்பெனிக் காலத்தில் இப்படிப் பேச யார் இருந்தார்கள்?”

எட்மண்ட் பர்க் இருந்தார். 1788இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குற்ற விசாரணையைத் தொடங்கி வைத்துப் பேசியவர். ஹேஸ்டிங்ஸ் தரப்பின் வாதம் நம் நண்பரின் வாதத்துக்கு உடன்பிறப்பு: ஆசியாவில் ஆட்சி என்றாலே அப்படித்தான், இங்கிலாந்தின் நெறியை அங்கே பொருத்தக் கூடாது. பர்க் அதற்குப் ‘பூகோள அறம்’ என்று பெயர் வைத்தார். மனிதன் எந்த அட்சரேகையில் நிற்கிறான் என்பதைப் பொறுத்து அவன் கடமை மாறிவிடுமா என்று கேட்டார்.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வாங்க ஒரு படி, விற்க ஒரு படி. அந்த வேலையைச் செய்யும் வியாபாரியை எந்தக் காலத்துச் சந்தையிலும் திருடன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏழு ஆண்டுகள் விசாரணை இழுத்து, 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். விடுதலையானார் என்பதற்காகக் கேள்வியே எழவில்லை என்று ஆகிவிடாது. கம்பெனி ஆட்சியை எடைபோட 21ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

2024 ஜூலை 9, சற்று நேரம் கழித்து

பர்க்கைப் பற்றி எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. ‘அந்தக் காலத்து மனிதர்கள்’ என்றதும் நானும் லண்டனுக்குத்தான் ஓடியிருக்கிறேன். ஆளப்பட்டவனும் அந்தக் காலத்து மனிதன்தானே. 1801இல் சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் அறிவிப்பை ஒட்டினார். எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் விளித்து, ஐரோப்பியர் வஞ்சகத்தால் நாட்டைப் பிடித்துக்கொண்டு மக்களை நாய்களைப் போல் நடத்துகிறார்கள் என்று சொன்ன அறிவிப்பு அது. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்து அளவுகோல் வேண்டும் என்றால் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது.

2024 ஜூலை 12

அணைக்கு வருகிறேன். இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜனவரி 15 அன்று கூடலூர் லோயர் கேம்ப்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்துக்குப் போயிருந்தேன். அவர் பிறந்த நாள். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். தேனி, கம்பம் பக்கம் வீடுகளில் அவர் படம் மாட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு விவசாயி என் கையைப் பிடித்து, தன் வயலைக் காட்டி, இது அவர் போட்ட சோறு என்றார். அவரிடம் போய் ஏகாதிபத்தியம் என்று நான் என்ன பேசுவது? முல்லைப் பெரியாறு 1895இல் திறந்தது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கட்டியபோது காய்ச்சலில் செத்த கூலிகள் ஏராளம். இத்தனைக்கும் நடுவில் பணம் தட்டுப்பட்டபோது பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார்.

அந்த விவசாயியின் நன்றி முழுக்க நியாயம் என்றுதான் நினைக்கிறேன். நன்றியும் குற்றச்சாட்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

2024 ஜூலை 13

பென்னிகுயிக் சொத்தை விற்ற கதையை நான் எழுதியிருக்கக் கூடாது. நேற்று மணிமண்டப நினைவில் கை தானாக எழுதிவிட்டது. ஊர் முழுக்கச் சொல்கிற கதைதான், ஆனால் ஆதாரமாக நிற்பது எதுவும் இல்லை. அணை சென்னை அரசின் செலவில் பொதுப்பணித் துறை கட்டியது. அந்தப் பணம் இங்கே வசூலான வரி. அவர் பெரிய பொறியாளர், பிடிவாதக்காரர், வெள்ளம் அடித்துக்கொண்டு போனதைத் திரும்பத் திரும்பக் கட்டியவர். அது போதும் அவருக்கு.

ஏன் நமக்கு அந்தக் கதை தேவைப்படுகிறது என்று யோசித்தேன். நம் வரிப்பணத்தில் நமக்குக் கட்டியது என்றால் அது அரசின் கடமை. அவர் வீட்டை விற்றுக் கட்டினார் என்றால் அது கொடை. கொடை என்று ஆக்கிவிட்டால் கேள்வி கேட்க வாய் வராது.

இன்னொன்று. நூறாண்டாகப் பேச்சளவில் கிடந்த அந்தப் பெரியாற்றுத் திட்டத்தை உண்மையில் நகர வைத்ததில் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

2024 ஜூலை 14

ரயில். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டியலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தண்டவாளம் போட்ட தனியார் கம்பெனிகளுக்கு முதலீட்டின் மேல் 5 சதவீத லாபம் உறுதி செய்யப்பட்டது. ரயில் ஓடி லாபம் வராவிட்டால், குறைவதை இந்தியாவின் வருவாயிலிருந்து நிரப்புவார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எவ்வளவு செலவானாலும் கம்பெனிக்கு வலிக்காது. ரயிலுக்கு இத்தனை கொட்டாதீர்கள், கால்வாய் வெட்டுங்கள், பஞ்சத்தில் அதுதான் காப்பாற்றும் என்று ஆண்டுக்கணக்கில் கத்தியவர் ஆர்தர் காட்டன். முக்கொம்பில் மேலணை கட்டியவர், தவளேசுவரம் அணை கட்டியவர். அவரும் அந்தக் காலத்து ஆங்கிலேயர்தான்.

1856இலேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடிற்று. இருபது ஆண்டு கழித்து வந்த பஞ்சத்தில் அந்த ரயில் தானியத்தைக் கொண்டும் வந்தது, விலை ஏறட்டும் என்று காத்திருந்த வியாபாரிகளின் கிடங்குகளுக்குக் கொண்டும் போனது. தானியம் வந்த ஊரிலும் வாங்கக் காசில்லாமல் செத்தார்கள்.

2024 ஜூலை 18

சோழன் கடாரம் போன கேள்வியை நான் தாண்டிப் போகிறேன் என்று புகார். தாண்டவில்லை. ராஜேந்திரன் படை கொள்ளையடித்த ஊரில் ஒருவன் நின்று அழுதிருப்பான், அவன் அழுகைக்கும் மதிப்பு உண்டு. மெய்க்கீர்த்தியைப் படித்துப் பூரிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் 1025இன் கணக்கை இன்று யாரும் கட்டிக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடன் முழுதாகத் தீர்ந்தது 2015இல். இது தொலைந்துபோன காலம் அல்ல. கென்யாவில் மாவ் மாவ் எழுச்சியின்போது சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு 2013இல் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். வாங்கியவர்கள் உயிரோடு இருந்த கிழவர்கள், கிழவிகள்.

2024 ஜூலை 20

என்னைத் தடுமாற வைத்த ஒரு பதில் வந்திருக்கிறது. “உங்கள் அந்தக் காலத்து மனிதர்களில் எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா உண்டா? அவரிடம் கேட்டால் வெள்ளைக்காரன் போனால் யார் வருவார் என்பதுதான் அவர் கவலையாக இருந்திருக்கும்.” எழுதியவர் செங்கல்பட்டுப் பக்கத்துத் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். இரண்டு நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை.

அவர் சொல்வதற்கு ஆவணம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் பேரில், 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் போராடுவது அதற்காகத்தான். மறு ஆண்டு, உயர் அரசுப் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தக் கூடாது என்று ரெட்டமலை சீனிவாசன் கையெழுத்துத் திரட்டி லண்டனுக்கு மனு அனுப்பினார். அதிகாரம் உயர்சாதியார் கைக்குப் போனால் தம் மக்களுக்கு என்ன ஆகும் என்பது அவர் அச்சம். அதைத் துரோகம் என்று இளமையில் நானே பேசியிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஆட்சிதான் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிறகு அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டி, பிறந்த குழந்தையையும் குற்றவாளி ஆக்கியது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

ஆகவே அவருக்கு என் பதில்: நான் இந்த இழையைத் தொடங்கும்போது இரண்டே தரப்பு இருப்பதாக நினைத்து எழுதினேன். அது தவறு. அளவுகோல் அந்தக் காலத்தில் இருந்தது என்பதில் மாற்றமில்லை. அதை வெள்ளைக்காரர் முதுகில் மட்டும் வைத்தால் நானும் வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கிறேன் என்று ஆகும்.

2024 ஜூலை 21

124ஏ பற்றிக் கேட்டவருக்கு: இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்த்த தேசத்துரோகப் பிரிவு. 1908இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுக்கவும் பயன்பட்டது. கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்த நாட்டில், விடுதலைக்குப் பின் 75 ஆண்டுகள் அதே பிரிவை வைத்துக்கொண்டு நாமும் வழக்குப் போட்டோம். 2022 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இந்தப் பங்கு முழுக்க நம்முடையது, லண்டனுக்கு அனுப்ப முடியாது.

2024 ஜூலை 28

20ஆம் தேதி எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் ஊருக்குப் போனேன். பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பழைய பத்திரங்கள், பனையோலை ஜாதகங்கள். சிறுவயதில் எங்களைத் தொடவிட மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு ஊருக்குக் கிழக்கே ஒரு புஞ்சை இருந்தது. அந்தப் புஞ்சைக்கு ஒரு மனிதர் பெயர். கம்பங்கருது காக்க அங்கே பரணில் படுத்திருக்கிறேன், ஆனால் அது யார் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டியில் அதன் கிரயப் பத்திரம் இருந்தது. தாது வருஷம் மாசி மாதம். அதாவது 1877 பிப்ரவரி, மார்ச். டெம்பிள் கூலி போட்டதற்கு அடுத்த மாதம். நாலு ஏக்கர் சொச்சம், கிணற்றில் பாதிப் பங்கோடு. கைம்மாற்றாக முன்பே வாங்கிய கேழ்வரகுக்கும் கம்புக்கும் ஈடாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே கீறல் கையெழுத்து. எழுதிக் கொடுத்தவரின் பெயர்தான் அந்தப் புஞ்சையின் பெயர்.

பெரியப்பா, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள் என்றார். கேள்வி கேட்ட நண்பரின் சொற்கள், எழுத்துக்கு எழுத்து அப்படியே.

அப்பத்தா ஏன் அந்த வருஷத்தைச் சொல்லி நடுங்கினாள் என்பதற்கு நான் இதுவரை ஒரே பொருள்தான் வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பட்டினி கிடந்தார்கள் என்பது அந்தப் பொருள். பத்திரத்தைப் படித்த பிறகு, கொடுக்கத் தானியம் எங்கள் வீட்டில் இருந்தது என்று தெரிகிறது.

அதே பஞ்சத்தில் மாயூரத்தில் அதற்கு முன் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை தன் பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். அவரும் தமிழர், அவரும் நிலமும் தானியமும் அறிந்த குடும்பத்தவர். அப்படிச் செய்வது அன்றும் முடிந்திருக்கிறது.

2024 ஆகஸ்ட் 11

பலர் கேட்டதால் எழுதுகிறேன். பத்திரத்தில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு போன வாரம் அங்கே போனேன். எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். காலனித் தெருவில் வேப்பமரத்தடியில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பெயரைச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நிலம் வேண்டுமென்று யாரும் வர மாட்டார்கள், பயப்படாதே தம்பி என்றார். நான் அதற்காக வரவில்லை என்று சொல்ல எடுத்த வாய் பாதியில் நின்றுவிட்டது.

அந்த வகையறாவில் இப்போது அங்கே யாரும் இல்லை. பஞ்சத்தில் கங்காணியோடு கண்டிச்சீமைக்குப் போய்விட்டார்கள், போன வழியிலேயே சிலர் போய்ச் சேர்ந்தார்கள் என்று தன் பாட்டி சொல்லக் கேட்டதாகச் சொன்னார். காப்பித் தோட்டத்துக்கா என்று கேட்டேன். மலைக்கு என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புஞ்சையை என் அப்பாவின் காலத்திலேயே விற்றுவிட்டோம். இப்போது அங்கே ஒரு செங்கல் சூளை. திரும்பும்போது அந்த வழியாக வந்தேன். லாரிக்காரர் ஒருவரிடம், இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அதே பெயரைச் சொன்னார்.